இருபத்தொரு பெட்டி

மீளவிட்டான் சரக்குக் கொட்டகை.
மூன்றாம் தண்டவாளத்துக்கு நடுவில்
ஆள் உயரத்துக்கு உடைமரம்.
வெட்டச் சொல்லி மூன்று கடிதம் எழுதினேன்.
மரம் எந்தத் துறையைச் சேர்ந்தது
என்று கேட்டு ஒரு பதில் வந்தது.

என் வேலை லேசானது என்பார்கள்.
துறைமுகத்தில் இறங்குவதும்
உப்பளத்தில் விளைவதும்
இந்த வழியாகப் போகவேண்டும், அவ்வளவுதான்.
கையில் கட்டண அட்டவணை,
ஸ்கூட்டரில் அரை லிட்டர் பெட்ரோல்.

முள்ளக்காட்டில் தவசிக்கனி அண்ணாச்சி
மோர் கொடுத்து உட்காரவைத்தார்.
"லாரிக்கு ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டா
விடியுமுன்ன சரக்கு மதுரையைத் தாண்டிரும்.
உன் ரயிலு எப்பம்மா வரும்?"
"நிறைஞ்சா வரும் அண்ணாச்சி."
"எப்ப நிறையும்?"
"நீங்க ஏத்துனா."
அவர் சிரித்தார், நானும் சிரித்தேன்.
மோரில் உப்பு கூடுதல்.

முந்திரிக்கொட்டை இறக்குமதி கர்டோசா
விரல் மடக்கி எண்ணினார்:
கப்பலடியிலிருந்து கொட்டகைக்கு ஒரு கூலி,
கொட்டகையிலிருந்து பெட்டிக்கு ஒன்று,
கொல்லத்தில் இறக்க ஒன்று,
அங்கேயிருந்து ஆலைக்கு மறுபடி லாரி.
"ரெண்டு பக்கமும் லாரிதானே தாயி,
நடுவுல எதுக்கு ரயிலு?"
இந்தக் கேள்விக்கு
அட்டவணையில் கட்டம் இல்லை.

ராத்திரி நான் போடும் கணக்கு வேறு.
ஒரு பெட்டி அறுபது டன் சுமக்கும்.
லாரி என்றால் மூன்று,
மூன்று ஓட்டுநர்,
நான்குவழிச் சாலையில் மூன்று தூக்கக் கலக்கம்.
அந்த மூவரில் ஒருவர் என் வீட்டுக்காரர்.
"நீ நிறைச்சிட்டா நான் எதை ஓட்ட?" என்றார் ஆசீர்.
"கொட்டகைக்கு ஓட்டுங்க.
பொழுதடைய வீட்டுக்கு வந்திரலாம்."
சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நாற்பத்திரண்டு பெட்டிக்கு வாய்வார்த்தை கிடைத்தது.
இருபத்தொன்றுக்குக் கையெழுத்து.

கார்த்திகையில் ஒரு நாள்
அதிகாலை இரண்டு பத்துக்கு வந்து நின்றது.
ஒன்பது மணி நேரம் இலவசம்,
பிறகு மணிக்கு மணி, பெட்டிக்குப் பெட்டி தண்டம்.
மேஸ்திரி வண்டிமலையான்
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
உள்சுவர் முழுக்க பாலித்தீன் விரித்தார்.
உப்பு இரும்பைத் தின்னும் என்பது
ரயில்வேயின் பழைய கோபம்.
எட்டு மணிக்குக் கடல் மேல் கறுத்தது.
உப்பு விற்கப் போனால் மழை,
சொன்னவன் இந்த ஊர்க்காரனாய்த்தான் இருக்கவேண்டும்.
முதல் தூற்றலில்
மூட்டை தலைக்கு மேலே, சட்டை மூட்டைக்கு மேலே
ஓடினார்கள்.
நான் கதவுகளை எண்ணிக்கொண்டே நனைந்தேன்.

பதினொன்று இரண்டுக்குக் கடைசித் தாழ்ப்பாள்.
எட்டு நிமிஷம் மிச்சம்.
நிறைந்தது பத்தொன்பது.
கர்டோசாவின் இரண்டு பெட்டிக்கு
அவர் போனை எடுக்கவில்லை.
வெறும் பெட்டிக்கும் முழு வாடகை உண்டு என்றேன்.
"காத்துக்கும் கூலியாம்மா?" என்றார் அண்ணாச்சி,
காசோலையைக் கிழித்தார்,
கிழித்து என்னிடம்தான் கொடுத்தார்.
எஞ்சின் வந்தது மாலை ஐந்தரைக்கு.
அந்தத் தாமதத்துக்கு
யார் மேலும் தண்டம் இல்லை.

தட்டப்பாறை கேட்டில் மாட்டிக்கொண்டேன்.
இந்தப் பக்கம் பைக்குகள், வசவு,
"என்னல கூட்ஸு, இந்த நேரத்துல?"
நான் வண்டியை அணைத்துவிட்டு
ஈரச் சேலையோடு எண்ணினேன்.
பெட்டிகளின் இடைவெளியில்
எதிர்ப்பக்கம் ஒரு லாரி
விட்டு விட்டுத் தெரிந்தது.
நெற்றியில் 'கர்த்தர் என் மேய்ப்பர்',
அந்த மஞ்சள் எழுத்தில்
'ய்' உதிர்ந்து ஒரு வருஷமாகிறது.

கேட் ஏறியதும்
பக்கத்தில் வந்து மெதுவாக்கினார்.
எத்தனை என்று கேட்பார் என நினைத்தேன்.

"பன்னெண்டாவதும் பதிமூணாவதும்
வேற சத்தம் போட்டுச்சே.
வெறும் பெட்டியா?"

ஆமாம் என்றேன்.
பின்னால் ஹாரன் அடித்தார்கள்.